கோலம் வரையும் கைக்கு உரிய பங்கு

(ஒட்டன்சத்திரம் ஊராட்சி ஒன்றியத்தில் ஊராட்சிப் பெருமக்களும் உழவர்களும் மகளிர் குழுவினரும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



இத்தகைய கூட்டங்களில் நாம் வழக்கமாகப் பேசுவது குடிநீர், சாலை, கால்நடை, காய்கறி விலை ஆகியவற்றைப் பற்றியேயாகும். இன்று எடுத்துக்கொண்ட பொருள் சற்றுப் புதியது. கையால் வரைந்து வண்ணமிட்ட பூக்கள், கொடிகள், கோலங்கள் முதலிய வடிவங்களைச் சுவர்த்தாளிலும், திரைச்சீலையிலும், தலையணை உறையிலும், பீங்கான் தட்டிலும் அச்சிட்டு விற்கும் தொழில் உலகெங்கும் நடைபெற்று வருகிறது. அவ்வடிவங்களை வரைந்தவர், அவற்றை அடியோடு விற்றுவிடாமல், பயன்படுத்தும் உரிமையை மட்டும் கொடுத்து வருவாய் பெறுவதும் ஒரு முறையாக நிலைபெற்றிருக்கிறது. இம்முறையை நம் வட்டாரப் பெண்மக்கள் அறிந்துகொள்வது எவ்வாறு, அதில் ஊராட்சிகளின் கடமை யாது என்பவையே இன்றைய பேச்சின் பொருளாகும்.

உழவர்களாகிய நமக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நம் ஊர்ச் சந்தைக்கு விடியற்காலையில் வண்டி வண்டியாகத் தக்காளியும் முருங்கையும் கத்தரியும் வந்து இறங்குகின்றன. அவற்றில் பெரும்பகுதி கேரளத்துக்குப் போகிறது. விளைவிப்பவர் ஒருவர், விலை சொல்பவர் மற்றொருவர் என்ற நிலைமை எத்தகையது என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்? கைத்தொழிலிலும் அதே நிலைமைதான் இருக்கிறது. வேறுபாடு ஒன்றே. தக்காளி விற்றால் தீர்ந்துவிடும். வடிவமோ எத்தனை முறை அச்சிட்டாலும் தீராது. தீராத பொருளை ஒரே நாள் கூலிக்குக் கொடுத்துவிடுவது விவேகமாகுமா என்பதைத்தான் நாம் சிந்திக்க வேண்டும்.

சீட்டித் துணி புகட்டும் பாடம்

இது நம் நாட்டுக்குப் புதிய அனுபவமன்று. முந்நூறு நானூறு ஆண்டுகளுக்கு முன்னர், சோழமண்டலக் கடற்கரையில் எழுதுகோலால் வண்ணமிட்ட பருத்தித் துணிகள் ஐரோப்பாவெங்கும் விரும்பி வாங்கப்பட்டன. அவற்றையே நாம் சீட்டி என்கிறோம். கடுக்காய் நீரிலும் பாலிலும் துணியைப் பதப்படுத்தி, படிகாரம் கொண்டு எழுதி, சாயவேரில் காய்ச்சிச் சிவப்பேற்றி, மெழுகு பூசி மறைத்து, அவுரியில் தோய்த்து நீலமேற்றிய அத்துணிகள் எத்தனை முறை துவைத்தாலும் நிறம் மங்காதவை. அந்த நுட்பம் அன்று ஐரோப்பியருக்குத் தெரியாது.

இத்துணிகளின் செல்வாக்கைக் கண்டு அஞ்சிய பிரெஞ்சு அரசு 1686இல் இவற்றைத் தடை செய்தது. இங்கிலாந்து 1700இல் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. 1721இல் மேலும் கடுமையான சட்டம் இயற்றியது. தடை ஒருபுறம் இருக்க, தொழிலைக் கற்றுக்கொள்ளும் முயற்சியும் மறுபுறம் நடைபெற்றது. கூர்தூ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் நம் பகுதியில் தங்கி, வண்ணத் தொழில் செய்தோரிடமே கேட்டறிந்து, செய்முறை முழுவதையும் 1742இல் கடிதமாக எழுதி அனுப்பினார். பிரான்சில் தடை 1759இல் நீங்கியது. மறு ஆண்டே ஓபர்காம்ப் என்பவர் ழூயி என்னும் ஊரில் துணி அச்சுத் தொழிற்சாலையைத் தொடங்கினார். நம் பூங்கொடிகளும் மரங்களும் பறவைகளும் அங்கே துணியில் அச்சேறின. சுவர்த்தாள் செய்வோரும் சீட்டியின் வடிவங்களைப் பார்த்துத் தாளில் அச்சிட்டனர்.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. துணியில் அச்சிடும் வடிவத்தை வரைந்தவருக்கு உரிமை உண்டு என்று இங்கிலாந்து முதன்முதல் சட்டம் செய்தது 1787இல். இரண்டு மாத காலத்துக்குப் பிறர் அதைப் படி எடுக்கக் கூடாது என்று அச்சட்டம் கூறிற்று. அதாவது, நம்மவரைப் பார்த்து எழுதிக் கற்ற தொழில் தமக்குரியதாக ஆன பின்னர், தம்மைப் பார்த்துப் பிறர் எழுதலாகாது என்று அவர்கள் வேலி போட்டுக்கொண்டார்கள். லண்டனில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அந்தச் சீட்டித் துணிகள் இன்றும் காட்சிக்கு உள்ளன. அவற்றை எழுதிய கைகளின் பெயரோ ஊரோ பெரும்பாலும் எங்கும் குறிக்கப்படவில்லை. பெயரில்லாத உழைப்புக்குப் பங்கும் இல்லை. இதுவே அந்த வரலாறு நமக்குப் புகட்டும் பாடம்.

கிரயமும் குத்தகையும்

உரிமம் என்ற சொல்லைக் கேட்டவுடன் இது வழக்கறிஞர்களின் விவகாரம் என்று ஒதுங்க வேண்டியதில்லை. உழவர் அனைவரும் நன்கு அறிந்த செய்தியே இது. நிலத்தைக் கிரயம் செய்துவிட்டால் அது நம்முடையதன்று. ஒத்திக்கு வைத்தால் பணம் திருப்பியதும் நிலம் திரும்பும். குத்தகைக்கு விட்டால் நிலம் நம்முடையதாகவே இருக்கும். பயன் மட்டும் மற்றவருக்குச் சேரும். அதற்கு ஈடாகக் குத்தகை வரும்.

ஊராட்சிகளும் இதையே செய்கின்றன. சாலையோரப் புளிய மரங்களின் மகசூலை ஏலம் விடுகிறோம். ஏலம் எடுத்தவர் குறித்த காலத்துக்குப் புளி உலுக்கிக்கொள்ளலாம். மரத்தை வெட்ட அவருக்கு உரிமை உண்டா? இல்லை. கிளையை ஒடித்து விறகாக விற்கலாமா? கூடாது. அடுத்த ஆண்டும் அவரே உலுக்கலாமா? மறு ஏலம் எடுத்தாலொழிய முடியாது. கண்மாயில் மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் மீனைப் பிடிக்கலாம். கண்மாய் நீரை விற்க முடியாது. வடிவ உரிமமும் இத்தகையதே. இன்ன பொருளில், இன்ன நாட்டில், இன்ன காலம் வரையில் இந்த வடிவத்தை அச்சிட்டு விற்கலாம் என்று எழுதிக் கொடுப்பதே உரிமம். சுவர்த்தாளுக்கு உரிமம் பெற்றவர் தலையணை உறையில் அச்சிட இயலாது. அதற்கு வேறு ஒருவரிடம் வேறு உரிமம் கொடுத்து வேறு வருவாய் பெறலாம். ஒரே தோப்பில் தேங்காய் ஒருவருக்கும் ஊடுபயிர் ஒருவருக்குமாகக் குத்தகை விடுவது நமக்குத் தெரியாததா?

விற்பனையில் வரைந்தவருக்குச் சேரும் பங்கை ராயல்டி என்கின்றனர். நம் பழைய வழக்கில் நில உடைமையாளர் பெற்ற மேல்வாரம் போன்றது இது. உதாரணமாக ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு பெண்மணி பன்னிரண்டு வடிவங்கள் வரைகிறார். ஒன்றுக்கு 250 ரூபாய் வீதம் கிரயமாகக் கொடுத்தால் 3,000 ரூபாய் கிடைக்கும், அத்துடன் தீர்ந்தது. அவற்றுள் ஒன்றை மட்டும் சுவர்த்தாளுக்கு உரிமமாகக் கொடுக்கிறார் என்றும், நூற்றுக்கு ஐந்து பங்கு பேசியிருக்கிறார் என்றும், வணிகர் மொத்த விலையாகச் சுருள் ஒன்று 800 ரூபாய்க்கு 1,000 சுருள் விற்றார் என்றும் கொள்வோம். விற்பனை 8,00,000 ரூபாய். அதில் அவர் பங்கு 40,000 ரூபாய். எஞ்சிய பதினொரு வடிவங்களும் அவர் பெட்டியிலேயே இருக்கும். எல்லா வடிவமும் இப்படி விற்கும் என்று நாம் சொல்லவில்லை. விற்காமலும் போகலாம். ஆதலால்தான் குறைந்தபட்சத் தொகை ஒன்றை முன்பணமாகப் பெற்றுக்கொள்வது இத்தொழிலில் வழக்கமாக இருக்கிறது. மழை பொய்த்தாலும் குத்தகையில் ஒரு பகுதி உறுதியாகக் கிடைப்பதைப் போன்றது அது.

நம் பகுதியில் நிகழ்ந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். வெளியூர் வணிகர் ஒருவருக்காக ஒரு குழுவினர் சில ஆண்டுகளுக்கு முன் நாற்பது வடிவங்கள் வரைந்து கொடுத்தனர். கூலி உடனே கைக்கு வந்தது. ஆங்கிலத்தில் அச்சிட்ட காகிதம் ஒன்றில் கையொப்பமும் இட்டனர். பின்னர் நகரக் கடை ஒன்றில் தங்கள் வடிவங்களைத் திரைச்சீலையாகக் கண்டபோது, நமக்கு ஏதேனும் சேருமா என்று கேட்டனர். எல்லாப் பொருளுக்கும், எல்லா நாட்டுக்கும், எக்காலத்துக்கும் எல்லா உரிமையும் கொடுக்கப்பட்டதாக அக்காகிதத்தில் இருந்தது. வணிகர் சட்டத்தை மீறவில்லை. அவர் மீது குறை சொல்லவும் வழியில்லை. படிக்கத் தெரியாத மொழியில் கிரயப் பத்திரம் எழுதிக் கொடுத்தது போல் ஆயிற்று. இத்தகைய நிலைமை இனி எந்தச் சகோதரிக்கும் நேரலாகாது என்பதே இவ்வுரையின் நோக்கம்.

பொதுவானது எது? நமக்கே உரியது எது?

ஐந்து புள்ளிக் கோலமும், பாட்டி சொல்லிக் கொடுத்த சிக்குக் கோலமும் ஊர்ப் பொது. அவற்றுக்கு யாரும் தனியுரிமை கேட்க முடியாது, கேட்பதும் முறையன்று. ஆனால் ஊருணி நீர் பொதுவானாலும், அதை இறைத்துத் தம் தோட்டத்தில் விளைத்த பயிர் அவரவருடையது அல்லவா? மரபுக் கோலத்தை அடிப்படையாகக் கொண்டு, தம் கற்பனையால் புதிய அமைப்பும் புதிய நிறமும் தந்து வரைந்த வடிவம் வரைந்தவருக்கே உரியது.

அன்றியும், நம்மைச் சுற்றியுள்ள இயற்கையே வற்றாத களஞ்சியமாகும். முருங்கைப் பூங்கொத்து, வெண்டைப் பூ, வெங்காயத் தாளின் உச்சியில் உருண்டையாகப் பூக்கும் பூ, விருப்பாட்சி மலை வாழையின் குலை, கொடைக்கானலின் பேரிக்காய், பழனிக் காவடியின் மயிற்பீலி ஆகியவற்றுள் பல, பிற நாட்டு ஓவியர் பலர் அன்றாடம் காணாதவை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலையை நீலமாக்கும் குறிஞ்சி 2018இல் பூத்தது. இனி 2030இல் எதிர்பார்க்கப்படுகிறது. மலர்ந்த குறிஞ்சியைக் கண்ணாரக் கண்டவர் வரைவதற்கும் படத்தில் பார்த்தவர் வரைவதற்கும் வேற்றுமை உண்டு. அந்த வேற்றுமைக்கே சந்தையில் மதிப்பு.

சட்டம் கூறுவது

இது தொடர்பாக மூன்று சட்டங்களை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். ஒருவர் சொந்தமாக ஓர் ஓவியத்தை வரைந்த கணத்திலேயே அதன் உரிமை அவருக்கு உண்டாகிறது. பதிவு செய்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. அவர் வாழ்நாள் முழுவதும், அதன் பின்னர் 60 ஆண்டுகளும் அவ்வுரிமை நிற்கும். சம்பளத்துக்கு வேலையில் அமர்ந்து, அந்த வேலையின் பகுதியாக வரைந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரையில் உரிமை முதலாளிக்குச் சேரும். ஆகவே வேலைக்குச் சேர்கிறோமா, வடிவம் தருகிறோமா என்பதை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். உரிமையைக் கொடுப்பது எழுத்து மூலமாகவே இருக்க வேண்டும். காலம் குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிக்காவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்கிறது. பேசாமல் விட்டதைச் சட்டம் வரைந்தவருக்குச் சாதகமாகவே கொள்கிறது. தவறாக எழுதிக் கொடுத்ததையோ அது காக்க இயலாது.

இரண்டாவது, 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டம். பொருள்களின் மேல் தொழில்முறையில் பதிக்கப்படும் உருவம், கோலம், அலங்காரம் ஆகியவற்றுக்கு இது உரியது. பதிவு செய்தால் பத்து ஆண்டு பாதுகாப்பு. புதுப்பித்தால் மேலும் ஐந்து ஆண்டு. தனி நபருக்கு விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய். சுவர்த்தாளுக்கு ஒன்று, தலையணை உறைக்கு ஒன்று என்று பொருளின் வகைக்கு ஏற்ப விண்ணப்பம் தனித்தனியாகும். பதிவு அலுவலகம் கொல்கத்தாவில் உள்ளது. சென்னைக் கிளை வழியாகவும் விண்ணப்பிக்கலாம்.

இவ்விரண்டு சட்டங்களும் சந்திக்கும் இடத்தில்தான் பலர் ஏமாறுகின்றனர். பதிவு செய்யத்தக்க ஒரு வடிவத்தைப் பதிவு செய்யாமல் விட்டு, அதை உரிமையாளரோ அவரிடம் உரிமம் பெற்றவரோ தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் பொருளில் பதித்துவிட்டால், அவ்வடிவத்தின் மேல் பதிப்புரிமை அற்றுப்போகிறது. அமெரிக்க நிறுவனமான மைக்ரோஃபைபர்ஸ், இருக்கைகளுக்கான மெத்தைத் துணிகளில் தான் பயன்படுத்திய பூவேலை வடிவங்களை இந்திய நிறுவனம் ஒன்று படி எடுத்ததாகத் தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2006இல் தனி நீதிபதியும், 2009இல் மேல்முறையீட்டு அமர்வும் அதற்கு எதிராகவே தீர்ப்பளித்தனர். துணியில் பெருமளவில் பதிக்கும் வடிவம் வடிவமைப்புச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட வேண்டும். அப்படிச் செய்யாதவர் பதிப்புரிமையைக் காட்டிப் பாதுகாப்புக் கேட்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். பெரிய நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், நம் குழுக்கள் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

மற்றொன்றையும் மறவாதிருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் நாளில் வடிவம் புதியதாக, வெளியாகாததாக இருத்தல் அவசியம். வரைந்த அன்றே கைப்பேசியில் படமெடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டுப் பின்னர் பதிவு செய்யப் போனால், இது முன்பே வெளியானது என்று பதிவை மறுக்கவோ நீக்கவோ இடமுண்டு. விதைநெல்லை மூடிவைப்பது போல், பதிவு முடியும் வரையில் வடிவத்தை மூடி வைக்க வேண்டும்.

மூன்றாவது, புவிசார் குறியீட்டுச் சட்டம். 1999இல் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்தது. இதை நம் உழவர்கள் முன்னரே அறிவர். நம் அருகிலுள்ள விருப்பாட்சி மலை வாழை 2008-09ஆம் ஆண்டில் இக்குறியீடு பெற்றது. பழனிப் பஞ்சாமிர்தம், கொடைக்கானல் மலைப்பூண்டு, திண்டுக்கல் பூட்டு ஆகியவை 2019இல் பெற்றன. கைவேலையில் மதுரைச் சுங்குடி 2005இலேயே பெற்றது. கையால் முடிச்சிட்டுச் சாயம் தோய்க்கும் அந்தச் சேலையின் புள்ளிகள் கோலப் புள்ளிகளையே நினைவூட்டுகின்றன. நம் மாவட்டத்துச் சின்னாளப்பட்டியும் சுங்குடிக்குப் பெயர் பெற்ற ஊர்தான். துணியில் எழுதுகோலால் எழுதும் கலைக்குக் கருப்பூர்க் கலம்காரி என்ற பெயரில் 2021இல் குறியீடு கிடைத்தது.

ஆயினும் புவிசார் குறியீடு ஊர்ப் பொது மந்தைவெளி போன்றது. அது அப்பகுதி உற்பத்தியாளர் அனைவருக்கும் உரியது. அதை விற்கவோ, அடகு வைக்கவோ, உரிமமாகக் கொடுக்கவோ சட்டம் இடம் தரவில்லை. பெயரைக் காப்பதுதான் அதன் வேலை. 2025 ஜூன் மாதத்தில் மிலான் நகரக் காட்சியில் பிராடா என்னும் இத்தாலிய நிறுவனம் கோலாப்பூர்ச் செருப்பைப் போன்ற காலணிகளைக் காட்டியது. எதிர்ப்புக் கிளம்பிய பின்னரே, அது இந்தியக் கைத்தொழிலைப் பின்பற்றியது என்று ஒப்புக்கொண்டது. கோலாப்பூர்ச் செருப்புக்கு 2019இலேயே குறியீடு உண்டு. எனினும் இது தொடர்பான பொதுநல வழக்கை மும்பை உயர்நீதிமன்றம் ஜூலையில் தள்ளுபடி செய்தது; குறியீட்டின் பதிவு பெற்ற உரிமையாளர்தாம் வழக்கிட வேண்டும் என்பது நீதிமன்றத்தின் கருத்து. ஆகவே பதிவு பெற்ற சங்கம் விழித்திருந்தால்தான் பதிவுக்குப் பயன் உண்டு. வேலி போட்டால் மட்டும் போதாது, காவலும் வேண்டும்.

பெயர் எழுதப்பட்டதன் பலன்

விழித்திருந்தவர்கள் வென்றதற்கும் சான்றுண்டு. ஆஸ்திரேலிய நாட்டின் பழங்குடி ஓவியர்கள் வரைந்த புனிதச் சித்திரங்களை ஒரு நிறுவனம் அனுமதியின்றி வியட்நாமில் தரைவிரிப்புகளாக நெய்வித்து இறக்குமதி செய்தது. 1994இல் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் ஓவியர்களின் பக்கம் தீர்ப்பளித்து, 1,88,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது. விற்காத விரிப்புகளையும் ஒப்படைக்கச் சொல்லிற்று. அவர்களால் எவ்வாறு வெல்ல முடிந்தது? எந்த ஓவியம் எவருடையது என்பதை எவரும் மறுக்க முடியாதபடி அவை ஓவியர்களின் பெயருடன் முன்னரே வெளியாகியிருந்தன. நம் சீட்டி எழுதிய முன்னோருக்கு இல்லாதது இதுவே.

வரையும் முறை

சுவர்த்தாளுக்கு வரையும்போது முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது, ஒரு வடிவம் இடமும் வலமும் மேலும் கீழும் முறியாமல் தொடர வேண்டும் என்பதாகும். சிக்குக் கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இது கடினமன்று. எளிய வழி ஒன்றுண்டு. தாளின் நடுவில், ஓரங்களைத் தொடாமல் முதலில் வரைய வேண்டும். பின்னர் தாளைச் செங்குத்தாக இரண்டாக வெட்டி, இடப்பாதியை வலப்புறமும் வலப்பாதியை இடப்புறமும் வைத்து ஒட்ட வேண்டும். அதன் பின் குறுக்காக வெட்டி மேற்பாதியையும் கீழ்ப்பாதியையும் அவ்வாறே மாற்ற வேண்டும். இப்போது வரைந்த பகுதி மூலைகளுக்குப் போயிருக்கும்; நடுவில் வெற்றிடம் இருக்கும். அவ்விடத்தை நிரப்பி வரைந்தால், எத்தனை தாளை அடுத்தடுத்து வைத்தாலும் கொடி முறியாமல் ஓடும். இன்று கணினியிலும் இதைச் செய்யலாம்; ஆயினும் கையால் ஒருமுறை செய்தவருக்கே சூட்சுமம் புலப்படும்.

சுவர்த்தாள் சுருள்களில் 53 சென்டிமீட்டர் அகலமும் பத்து மீட்டர் அளவு நீளமும் உள்ளவை பரவலாக வழங்குகின்றன. எனவே வடிவத்தின் அகலம் 53 சென்டிமீட்டராகவோ, அதில் மீதியின்றி அடங்கும் பாதி அல்லது காற்பங்காகவோ இருப்பது நலம். மூல ஓவியத்தை நல்ல கெட்டித் தாளில் வரைந்து, அங்குலத்துக்கு 300 புள்ளிகளுக்குக் குறையாமல் கணினியில் ஏற்றிக்கொள்ள வேண்டும். வணிகர் ஒற்றை வடிவத்தைவிடத் தொகுப்பையே விரும்புவர். பெரிய பூவுள்ள தலைமை வடிவம் ஒன்று, அதற்குத் துணையாகச் சிறிய கொடி, கோடு, புள்ளி வடிவங்கள் சில, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நிறங்களில் என்று அமைத்துக்கொண்டால் சுவர்த்தாளுக்கும் திரைச்சீலைக்கும் தலையணைக்கும் பொருந்தும். மூல ஓவியத்தை எந்த நிலையிலும் வணிகரிடம் விட்டுவிடக் கூடாது. படி கொடுக்கலாம், மூலம் நம்மிடமே இருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் காண வேண்டியவை

கையொப்பம் இடுமுன் எட்டுக் கேள்விகளுக்கு ஒப்பந்தத்தில் விடை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எந்த வடிவம்? எந்தப் பொருள்? எந்த நாடு? எத்தனை ஆண்டு? அவர் ஒருவருக்கு மட்டுமா, பிறருக்கும் கொடுக்கலாமா? பங்கு எவ்வளவு, எந்த விலையின் மேல்? கணக்கு எப்போது காட்டுவார், அதைச் சரிபார்க்க நமக்கு உரிமை உண்டா? பொருளின் மேல் வரைந்தவர் பெயர் இடம் பெறுமா? இவற்றுடன், குறித்த காலத்தில் அச்சிடத் தொடங்காவிட்டால் உரிமை திரும்பும் என்ற விதியும் இருத்தல் நன்று. தமிழில் ஒரு படி கேட்பது நம் உரிமை. தமிழில் எழுதித் தர மறுப்பவரிடம் அவசரப்பட்டுக் கையொப்பமிட வேண்டியதில்லை.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்ற கவலையும் வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்கள் அனைவருக்கும் இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. திண்டுக்கல்லில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். சந்தைக்கு வழி தேடுவோர் மாவட்டத் தொழில் மையத்தையும், மகளிர் திட்ட அலுவலகத்தையும், 1973இல் தொடங்கப்பெற்ற பூம்புகார் நிறுவனத்தையும் நாடலாம்.

ஊராட்சிகளின் கடமை

அரசியலமைப்பின் பதினோராம் அட்டவணை, ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளில் கதர், கிராமத் தொழில், குடிசைத் தொழில் ஆகியவற்றையும் குறிப்பிட்டிருக்கிறது. எனவே இது நமக்குப் புறம்பான வேலையன்று. மூன்று காரியங்களை நாம் உடனே தொடங்கலாம்.

ஒன்று, ஒவ்வோர் ஊராட்சியிலும் வடிவப் பதிவேடு ஒன்று வைப்பது. வரைந்தவர் பெயர், நாள், வடிவத்தின் சிறு விவரம், சாட்சிக் கையொப்பம் ஆகியவை அதில் இருக்கட்டும். வடிவத்தின் படியை உறையிலிட்டு முத்திரை வைத்துக் காக்கட்டும். இது சட்டப் பதிவுக்கு மாற்று ஆகாது; ஆயினும் பின்னாளில் தகராறு எழுந்தால் நல்ல சாட்சியாகும்.

இரண்டு, கோலப் போட்டி நடத்தும்போது, பங்கு பெறும் கோலங்களின் உரிமை வரைந்தவருக்கே என்று முன்கூட்டியே அறிவிப்பது. பரிசாக ஒரு பாத்திரம் கொடுத்துவிட்டுப் படங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துச் செல்ல விடும் வழக்கம் நிற்க வேண்டும்.

மூன்று, குழுக்கள் தனித்தனியே பேரம் பேசாமல் கூட்டமைப்பாகச் சேர்ந்து பேசுவது. ஒற்றை உழவர் சந்தையில் நிற்பதற்கும் உற்பத்தியாளர் சங்கமாக நிற்பதற்கும் உள்ள வேற்றுமையை நாம் அறிவோம். பதிவுக் கட்டணத்தைக் குழுவின் சேமிப்பிலிருந்து கடனாகக் கொடுத்து, வருவாய் வந்த பின் திரும்பப் பெறலாம். வருவாயில் வரைந்தவர் பங்கு எவ்வளவு, குழுவின் பங்கு எவ்வளவு என்பதையும் தொடக்கத்திலேயே தீர்மானமாக எழுதிவைத்தால் பின்னர் மனத்தாங்கல் வராது.

பெரியோர்களே, இதனால் வறுமை ஒரே நாளில் நீங்கிவிடும் என்று நாம் கூறவில்லை. வரைபவர் அனைவருக்கும் உரிமம் கிடைக்கும் என்றும் சொல்வதற்கில்லை. உழவுக்கு அடுத்த துணை வருவாயாக, கோடையில் கிணறு வற்றிய மாதங்களில் வீட்டிலிருந்தே செய்யத்தக்க தொழிலாக இது சிலருக்கேனும் பயன்படும். பயன்படும்போது அந்தப் பயன் உரியவரைச் சேர வேண்டும் என்பதே நம் கருத்து.

அதிகாலையில் எழுந்து, வாசல் தெளித்து, நம் பெண்கள் இடும் கோலம் மாலைக்குள் காலடியில் அழிந்துபோகிறது. அதைப் பற்றி அவர்கள் வருந்துவதில்லை. மறுநாள் மற்றொன்று வரைகிறார்கள். அவ்வளவு தாராளமான கைகள் அவை. அந்தத் தாராளம் ஊருக்கும் உறவுக்கும் இருக்கட்டும். வியாபாரத்துக்கு வரும்போது எழுத்தும் கணக்கும் இருக்கட்டும். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் வடிவப் பதிவேட்டைத் தொடங்கும் தீர்மானத்தை ஒவ்வோர் ஊராட்சியும் எடுத்துக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். தீர்மானத்தின் மாதிரி ஒன்றியத்தில் உள்ளது. விரும்புவோர் இன்றே பெற்றுச் செல்லலாம்.